கடைமடைக்குத் தண்ணீர் வேண்டாம்

கும்பகோணத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். தாம்பூலப் பையில் தேங்காய் வைக்கிற காலம் மலையேறிவிட்டது போல, ஆளுக்கொரு செடியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வெள்ளைப் பீங்கான் கோப்பை, அதில் ஒரு சாண் உயரத்துக்கு ஐந்தாறு இலை, பச்சையில் வரிவரியாக, ஓரத்தில் மஞ்சள் கரை கட்டி, விறைப்பாக நிற்கிறது. ஸ்நேக் பிளான்ட். கூடவே தொங்கிய அட்டையில் மூன்று சமாச்சாரம்: வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும், இரவிலும் ஆக்சிஜன் தரும், பராமரிப்பே தேவையில்லை.

பராமரிப்பு தேவையில்லை என்பது செடியைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட உண்மைதான். வீட்டில் இருக்கிற மனிதர்களைத்தான் பராமரிக்க வேண்டியிருக்கிறது. அதை யாரும் அட்டையில் போடவில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம், அதாவது சுத்தமான கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையில் பூவும் விதைநெல்லும் தூவி வரவேற்கப்பட்டு, வெண்ணாற்றில் இறங்கி, கிளை ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று ஊர் ஊராக நலம் விசாரித்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர வாரக் கணக்காகும். வழக்கமாக மேட்டூர் திறக்கிற ஜூன் 12 எங்களுக்கு ஒரு பண்டிகை மாதிரி. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள், 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது, அந்த வருஷத்துக் குறுவையைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடமும் கேட்காதீர்கள். இதில் அப்பா வேறு பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும்தான் உத்தியோகம். வேலை பார்த்த காலமெல்லாம் டீக்கடையிலும் கோயில் வாசலிலும் அவர் காதில் விழுந்தது ஒரே வசனம்: "என்ன லஸ்கரு, எங்க மடைக்குத் தண்ணி எட்டவே இல்லையே?" அப்படிப்பட்ட மனிதரின் கண்ணெதிரே, நடுக்கூடத்தில், மண் காய்ந்து வெடித்த நிலையில் ஒரு செடியை வைத்தால் அவரும்தான் என்ன செய்வார்.

என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். "மாமா, இதுக்கு மண்ணு அடி வரைக்கும் காஞ்ச பிறகுதான் தண்ணி. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருவாட்டி போதும்."

"முறைப்பாசனமாம்மா?"

"ஆமா மாமா, அப்படித்தான் வச்சுக்குங்க."

"முறை வச்சாலும் அதுக்கொரு நியாயம் வேணாமா? மூணு வாரம் காயப் போட்டா எந்தப் பயிரு தாங்கும்?"

இது மேற்கு ஆப்பிரிக்காவில் வறண்ட காலத்தையும் பார்த்து வளர்ந்த சாதி, தடித்த இலையிலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்கிலும் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் என்று அவள் விளக்கினாள். அப்பா தலையாட்டினார். அது ஒரு விவசாயி, வேளாண் அதிகாரியிடம் ஆட்டுகிற தலையாட்டல். மறுநாள் விடியற்காலையில் கூடத்தில் சொம்பு வைக்கிற சத்தம் கேட்டது.

அப்பாவாவது ஒரு வேளை. அம்மா அரிசி களைந்த கழுநீரைக் கொல்லைக்குக் கொண்டுபோகும் வழியில் செடி இருந்ததால், வழியில் இருப்பவர்களுக்கு உபசாரம் செய்யாமல் போகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால், அதற்கும் ஒரு கை. அப்பாயி மாத்திரை போட்டுக்கொண்டு மிச்சத் தண்ணீரை ஊற்றுவாள். வருகிற விருந்தாளிகள் தம்ளர் அடியில் இருப்பதைச் சாய்ப்பார்கள், அதில் ஒருவர் காபியைச் சாய்த்ததை நானே பார்த்தேன், கேட்டால் சத்து என்றார். "யாரு தண்ணி ஊத்துனது?" என்று சாயங்காலம் விசாரணை நடத்தினால் ஒருவரும் ஊற்றியிருக்க மாட்டார்கள். மண் மட்டும் நாற்றங்கால் பதத்தில் இருக்கும்.

2018 பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் என்று சொன்ன அன்றைக்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு வாதப் பிரதிவாதம் நடந்ததில்லை. கடைசியில் என் மனைவி தானே ஒரு ஒழுங்காற்றுக் குழு ஆனாள். துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, தொட்டி மண்ணில் அடிவரை செருகி எடுத்துப் பார்ப்பாள். ஈரமண் ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. இதில் அம்மாவுக்கு வேறு கவலை: துடைப்பம் இளைத்துக்கொண்டே போகிறது, அதுவும் வெள்ளிக்கிழமையில் துடைப்பக் குச்சியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் லட்சுமி எப்படித் தங்குவாள் என்று.

குழு அமைவதற்குள் சேதம் ஆகிவிட்டிருந்தது. அடியில் ஒரு இலை மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று, கிட்டே போனால் வாடை. அப்பா செடியைக் கோப்பையோடு தூக்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனார். வேரைப் பிடுங்கிப் பார்த்தார், பாதி வேர் பழுப்பாகி வழுக்கியது. கோப்பையைக் கவிழ்த்தார். அடியில் ஓட்டையே இல்லை.

அவர் முகம் மாறிய விதத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஏம்மா, வடிகாலே இல்லாம எவன் வயல் போட்டான்?"

அங்கேதான் கட்சி மாறினார். கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் வராத கஷ்டம் பாதி வருஷம், வந்தது போகாத கஷ்டம் மீதி வருஷம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா நாற்று முழுகிக் கிடக்க, வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு நிற்க, ஊரே மண்வெட்டியோடு ராத்திரியில் ஓடிய கதையெல்லாம் அவரிடம் நிறைய உண்டு. ஆக, தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மருமகள் சொன்னபோது ஏறாத விஷயம், தண்ணீர் வடியவில்லை என்றதும் சட்டென்று ஏறிவிட்டது. அழுகிய வேரையெல்லாம் பிளேடால் நறுக்கித் தள்ளிவிட்டு, செடியை நிழலில் ரெண்டு நாள் வேர் காயப் போட்டார்.

பீங்கான் கோப்பை பேனா வைக்கப் போய்விட்டது. சுட்ட மண் தொட்டிதான் இதற்குச் சரி, அடியில் ஓட்டை இருக்கும், பக்கச் சுவரும் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடும். தொட்டி கிடைத்துவிட்டது. மண்ணில்தான் மறுபடியும் தகராறு. "நம்ம வயல் மண்ணவிட ஒசத்தி எது? காவிரியே கொண்டாந்து கொட்டின வண்டலு" என்றார் அப்பா. வண்டல்தான், யார் இல்லை என்றது. ஆனால் எங்கள் பக்கத்து மண் நனைந்தால் களி, காய்ந்தால் செங்கல். நெல்லுக்கு அது சொர்க்கம், இந்தச் செடிக்குப் பீங்கான் கோப்பையின் இன்னொரு வடிவம். பாதிக்கு மேல் மணல் வேண்டும் என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

காவிரி டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு சட்டி ஆற்றுமணலுக்கு அலைந்தோம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். வீடு கட்டுகிறவர்களே எம்-சாண்டுக்கு மாறிவிட்ட காலத்தில் ஆற்றில் போய் அள்ளிக்கொண்டு வந்து செடி வைத்தேன் என்று எந்த அதிகாரியிடம் சொல்ல முடியும். பக்கத்து வீட்டுச் சித்தப்பாவிடம் பழைய மணல் ஒரு குவியல் உண்டு, நகை மாதிரி தார்ப்பாய் போட்டு மூடி, நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறார். கேட்டதும் யோசித்தார். எதற்கு என்றார். சொன்னோம்.

"ஸ்நேக் பிளான்ட்டா? அப்ப சிறியாநங்கை மாதிரி, வீட்டுல வச்சாப் பாம்பு அண்டாதா?"

அப்பாதான் பதில் சொன்னார். "பாம்பு வர்றது எலிக்கு. நீ வைக்கோப்போரைச் சுத்தமா வையி, எந்தச் செடியும் வேணாம்."

பிடித்த பதிலாக இல்லை போலிருக்கிறது, மணல் தலைதட்டித்தான் வந்தது. குறைந்ததற்கு உடைந்த ஓட்டுச் சில்லு, ரைஸ் மில்லிலிருந்து கருகின உமி, ஒரு பிடி மக்கிய எரு. கலந்து முடித்ததும் அப்பா ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி, அது அடி ஓட்டை வழியாகச் சரசரவென்று இறங்குகிற வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இதாம்மா டிசைனு" என்றார்.

இடத்துக்கு ரொம்பச் சிரமப்படவில்லை. முற்றத்தை ஒட்டிய தூணடி, நேர் வெயில் படாது, வெளிச்சம் தாராளம். இலையில் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடைக்கிறோம், ஒரே பக்கம் சாயாமல் இருக்க அவ்வப்போது தொட்டியைத் திருப்பி வைக்கிறோம். அவ்வளவுதான்.

அட்டையில் இருந்த மற்ற இரண்டையும் விட்டுவிட்டேனே. காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்செல்லாம் 1989-இல் நாசா செய்த ஆராய்ச்சியிலிருந்து கிளம்பியது. காற்றுப் புகாத பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்தார்கள், சில நச்சு வாயுக்கள் குறைந்தன. வீடு என்பது பெட்டி இல்லையே. 2019-இல், அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் அலசியவர்கள், சும்மா ஜன்னல் வழியாக வந்து போகிற காற்று செய்கிற வேலையைச் செடியே செய்ய வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டும் என்று கணக்குச் சொன்னார்கள். ஒற்றை நாற்று நடவில், கால் மீட்டருக்குக் கால் மீட்டர் இடைவெளி விட்டு, நெல்லே சதுர மீட்டருக்கு 16 குத்துதான் நடுகிறோம். ஆகக் குறைந்த கணக்கை வைத்துக்கொண்டாலும் நாங்கள் கூடத்தில் அண்டை வெட்டித்தான் நடவு போட வேண்டும், பிறகு எங்கே உட்கார்ந்து டி.வி. பார்ப்பது. தவிர, மழையே நேராக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற முற்றத்து வீடு இது. இங்கே காற்றைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வைப்பது அநாவசியச் செலவு.

ராத்திரி ஆக்சிஜன் சங்கதியும் பாதிதான் உண்மை. பகல் வெயிலில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க இந்தச் செடி இலைத் துளைகளை மூடிவைத்து, ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும், அது பகல் வேலை. இதைச் சொன்னதும் அப்பாவுக்கு அதன்மேல் மரியாதை கூடிவிட்டது. ராத்திரியில் ஷட்டரைத் திறக்கிறதாம்.

அப்பாயி இத்தனை அமளியையும் கயிற்றுக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். "இது மருளுல்ல? எங்க ஊருல வேலியோரம் கெடக்கும், ஆடுகூடத் தொடாது. இதுக்கா இம்புட்டு சீராட்டு?" தப்பில்லை, மருள் இதே இனம்தான். இது ஆப்பிரிக்காக்காரன், மருள் உள்ளூர்க்காரன். அதன் நாரில் அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரித்திருக்கிறார்கள். அப்பாயிக்கு நாண் தேவையில்லை, காதுவலி இருந்தது. மருள் இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து காதில் விடுவது அவள் ஊர் வைத்தியம். இது வேண்டாம் அப்பாயி, இதில் சப்போனின் என்கிற நச்சுச் சரக்கு இருக்கிறது, பூனை தின்றால்கூட வாந்தி எடுக்கும் என்று சொல்லி வைத்தோம். சொன்னதற்கு மறுநாள் மத்தியானம், எல்லோரும் அசந்த நேரத்தில், அரிவாள்மனையில் ஒரு இலை பலியாகியிருந்தது. அடுப்பில் காட்டப் போன கையை என் மனைவி பாய்ந்து பிடித்ததால் காது பிழைத்தது. டாக்டர் பார்த்துவிட்டு, வலியெல்லாம் அழுக்கு அடைப்பால்தான் என்று எடுத்துவிட்டார்.

இலையை வீணாக்க மனசு வரவில்லை. விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, வெட்டுவாய் காயவிட்டு, ஈரமணலில் செருகினோம். இதில் ஒரு கண்டிப்பு உண்டு, இலையின் அடிப்பக்கம்தான் மண்ணுக்குள் போக வேண்டும், தலைகீழாகச் செருகினால் வேர் விடாது. "கரும்புக் கரணை படுக்கப் போட்டாலே மொளைக்குது, இதுக்கு என்ன இம்புட்டு ரோசம்?" என்று அப்பா கேட்டாலும், மனைவி அடிப்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் போட்டுக் கொடுத்த புள்ளியைப் பார்த்துப் பார்த்துத்தான் நட்டார். மாதக் கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக மண்ணைக் கீறிக்கொண்டு குட்டிகள் வந்தன.

வந்த அத்தனையும் பச்சை. வரி இருக்கிறது, மஞ்சள் கரை இல்லை. அப்பா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கலப்பட விதை விற்ற கடைக்காரனைப் பார்க்கிற பார்வை. மஞ்சள் கரை வேண்டுமென்றால் தாய்ச்செடியைக் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும், இலைத்துண்டிலிருந்து வருகிற குட்டிக்குக் கரை வராது என்று என் மனைவி படித்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

லீவுக்கு வந்த அக்கா குட்டிகளில் ஒன்றைச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனாள். போன வாரம் போனில் ஒரே புகார்.

"அப்பா, வீட்டுல இருக்குறதுல மஞ்ச ஓரம் இருக்கே, எனக்கு மட்டும் வெறும் பச்சையா? தம்பி பொண்டாட்டி மாத்திக் குடுத்துட்டாளா?"

"அதெல்லாம் இல்லம்மா. கரை வச்சது வீரிய ரகம் மாதிரி, அடுத்த போகத்துக்கு அப்படியே வராது. ஒனக்குக் குடுத்தது நாட்டு ரகம். நம்ம ஊரு நெல் திருவிழாவுல வச்சா இதுக்குத்தான் கிராக்கி."

"சரி, தண்ணி எப்ப ஊத்தணும்?"

அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துக் கையால் பொத்திக்கொண்டு, சமையல்கட்டுப் பக்கம் மருமகளை எட்டிப் பார்த்தார். அவள் குழம்பைத் தாளித்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"மேலிடத்துல கேட்டுச் சொல்றேம்மா" என்றார்.