விமானத்துக்கு ஆர்டர் போட்டாச்சு, ஆளுக்கு?

சென்னை விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குவது போன்ற தரைவேலைகளைச் செய்யும் ஒரு கிரவுண்ட் ஹேண்ட்லிங் ஒப்பந்த நிறுவனத்தில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். இண்டிகோ ஊழியன் இல்லை. ஆனால் பக்கத்து நிறுத்துமிடத்தில் அவர்கள் விமானம் வந்து போகாத ஷிஃப்டே எனக்குக் கிடையாது.

அவர்களின் வளர்ச்சியைப் பார்த்து நிஜமாகவே பிரமித்திருக்கிறேன். முதல் விமானம் பறந்தது 2006 ஆகஸ்டில்; அதற்கு முந்தின வருஷமே 100 ஏர்பஸ்ஸுக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள். மொத்தமாக வாங்கினால் விலை குறையும், வந்ததும் லீசிங் கம்பெனிக்கு விற்றுவிட்டு அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டலாம், கையிலும் பணம் நிற்கும். 2023 ஜூனில் பாரிஸ் கண்காட்சியில் ஒரே மூச்சில் 500. இன்று 400க்கு மேல் பறக்கின்றன, உள்நாட்டில் பறக்கும் 100 பேரில் 60க்கு மேல் அவர்கள் பயணிகள்.

இந்தக் கணக்கெல்லாம் விமானம் தரையில் நிற்கும் அந்த அரை மணி நேரத்தை நம்பித்தான் இருக்கிறது. சக்கரம் உருளாமலிருக்க சாக் என்ற கட்டையை வைத்து, சுற்றிலும் எச்சரிக்கைக் கோன் வைத்து, கார்கோ கதவைத் திறந்தால், ஏ320இன் வயிற்றுக்குள் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. லோடர் முட்டி போட்டபடியே பெட்டிகளை இழுத்து பெல்ட்டில் தள்ள வேண்டும், மே மாத மதியத்தில் உள்ளே மூச்சு முட்டும். எங்கள் இடத்தில் நாலு பேர் செய்ய வேண்டியதை மூன்று பேர் செய்வது சாதாரணம். ஒருவன் லீவு போட்டால் மாற்று ஆள் கிடையாது, ஏனென்றால் மாற்று ஆள் என்றாலே வெட்டிச் செலவு என்று மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பு எங்களோடு நின்றுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது இண்டிகோ சம்பளத்தைக் குறைத்தது, பத்து சதவீதம் பேரை அனுப்புவதாகவும் அறிவித்தது. சரி, அன்று பறக்கவே வழியில்லை. ஆனால் பயணிகள் திரும்பி வந்த வேகத்தில் சம்பளம் திரும்பவில்லை. 2022 ஜூலை 2ஆம் தேதி கேபின் ஊழியர்கள் ஏராளமானோர் உடம்பு சரியில்லை என்று லீவு போட, அவர்களுடைய உள்நாட்டு விமானங்களில் பாதிக்கு மேல் தாமதம். ஏர் இந்தியாவின் ஆள்சேர்ப்புக்குப் போயிருக்கிறார்கள் என்று அன்றைக்கு எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அதே மாதம் டெக்னீஷியன்களும் லீவு போட்டார்கள்.

அப்புறம் 2025 டிசம்பர். புதிய விதிகளின்படி விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாகக் கூடியது, அனுமதிக்கப்பட்ட இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இந்த விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியானவை, இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1இல் அமலானது. அதற்கேற்ற விமானிகள் இண்டிகோவிடம் இல்லாமல் டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் விமானங்கள் ரத்து. கடைசியில் என்ன நடந்தது? விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான விமானத் துறை இயக்குநரகம் (டிஜிசிஏ) இண்டிகோவுக்கு விதியில் தற்காலிக விலக்கு கொடுத்தது. தூக்கம் கெடும் விமானிக்காகக் கொண்டுவந்த விதி, ஆள் எடுக்காத கம்பெனிக்காகத் தளர்ந்தது. அதில் எனக்கு இன்றும் கோபம்தான். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக முடியாமல் தவித்தவர்களின் வசவை வாங்கியதும் கவுண்டரில் நின்ற சின்னப் பிள்ளைகள்தான்.

ஒரு துணை விமானி கேப்டனாக வருஷக் கணக்கில் ஆகும். பத்து வருஷம் கழித்து வரப்போகும் விமானத்துக்கு இன்றே கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? இன்னும் நூற்றுக்கணக்கில் விமானங்கள் வரவேண்டியிருக்கின்றன. அடுத்த பெரிய ஆர்டரை அறிவிக்கும் மேடையிலேயே, அதற்கு எத்தனை கேப்டன், எத்தனை டெக்னீஷியன், எத்தனை லோடர், எந்த வருஷத்தில் எடுக்கப்போகிறோம் என்பதையும் சொல்லச் சொல்லி விமானத் துறை இயக்குநரகம் கேட்க வேண்டும்.