கரைக்கு வராத மீனின் நீளம்

மீன் இறங்குதளத்தில் கணக்கெடுப்பவனின் வேலை, படகிலிருந்து இறங்குவதை அளந்து எழுதுவது. ஆனால் எல்லா மீனும் அளவுகோலின் முன்னால் வந்து கிடப்பதில்லை. சில மீன்கள் நாம் போய்ச் சேரும் முன்பே ஏலம் முடிந்து ஐஸ் பெட்டிக்குள் போயிருக்கும். சில, கடலிலேயே தூண்டிலை அறுத்துக்கொண்டு போயிருக்கும். ஆகவே இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கரைகளில் வேலை பார்த்த காலத்தில் நான் அளந்து எழுதியதைவிடக் கேட்டு எழுதியதே அதிகம். கேட்டவற்றில் மிகைப்படுத்தல் நிறையவே இருந்தது. ஆயினும் அந்த மிகை கதை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. அது குடியேறும் இடங்கள் சில உண்டு. அவற்றை அடையாளம் கண்டுகொண்டவருக்கு மீனவரின் கதை ஒரு நல்ல ஆவணம் என்பதைத்தான் இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

முதலில் பெருகுவது மீனின் அளவு. கடற்கரையில் நீளத்தைச் சாணாலும் முழத்தாலும் காட்டுவார்கள். தண்ணீரின் ஆழத்தைப் பாகத்தால், அதாவது இரு கைகளையும் விரித்த அளவால் சொல்வார்கள். சொல்பவரின் கைதான் அளவுகோல் என்பதால், அவருடைய உற்சாகம் ஏற ஏற முழமும் கொஞ்சம் நீண்டுவிடுகிறது. இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மீனின் எடை ஏறத்தாழ நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். ஒரு மீட்டர் வஞ்சிரம் சுமார் 7 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மீட்டர் வஞ்சிரம் 24 கிலோ அளவில்தான் நிற்கும். ‘ஆள் உயரம், அறுபது கிலோ’ என்று ஒருவர் சொன்னால், இரண்டில் ஒன்றையாவது அவர் கண்ணால் மட்டுமே எடைபோட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். அதற்காக அவரைப் பொய்யர் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. அறுந்துபோன மீனை எவரும் தராசில் ஏற்றியதில்லை; இருட்டில், ஆடும் வள்ளத்தில், கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடும்போது உடம்பு உணர்ந்த பாரத்தை அவர் கிலோவாக மாற்றிச் சொல்கிறார்.

சில நேரம் கண்ணே மிகைப்படுத்திவிடும். கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் சங்கு குளிப்பவர்கள் முகக் கண்ணாடி அணிந்து மூழ்குகிறார்கள். நீரிலிருந்து கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக்கு ஒளி கடக்கும்போது வளைவதால், நீருக்கடியில் பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். மூன்றடிக் கலவா மீனை நான்கடி என்று சொல்லும் குளியாள், தான் கண்டதைக் கண்டபடியேதான் சொல்கிறார்.

வேட்டைக்காரர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. அன்றைய ஆங்கிலேய ஆட்சிக் காலத்தில் சுட்ட புலியை இரண்டு விதமாக அளந்தார்கள். மூக்கு நுனியிலும் வால் நுனியிலும் முளையடித்து இடைப்பட்ட நேர்க்கோட்டை அளப்பது ஒரு முறை. உடலின் வளைவுகள் மேல் நாடாவை ஓட்டி அளப்பது இன்னொரு முறை. இரண்டாவதில் சில அங்குலங்கள் கூடுதலாகவே வரும். எப்படி அளந்தார்கள் என்பதைக் குறிக்காமல் நீளத்தை மட்டும் எழுதிய பழைய பதிவுகளை இன்று ஒப்பிடவே முடியவில்லை.

மிகைக்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் இருக்கிறது. என் வேலைக்கு அதிகச் சிக்கல் தந்தது அதுதான். டீக்கடையில் பெருகும் மீன், குறிப்பேட்டைத் திறந்தவுடன் சுருங்கிவிடும். “எங்க சார், டீசல் காசுக்கே கட்டல” என்று சொல்பவரின் பெட்டிகள் பின்னால் நிறைந்திருக்கும். முன்பணம் கொடுத்த வியாபாரி பக்கத்தில் நிற்கும்போது பாடு, அதாவது பிடிபட்டதாகச் சொல்லும் அளவு, இன்னும் குறையும். மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டான நல்ல பார் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கோ திசை மாற்றித்தான் பதில் வரும், ஏனென்றால் அந்த இடம்தான் அவருடைய குடும்பத்தின் சொத்து. இந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். இதனால், பெருமைக்காகச் சொல்லும் கதையில் அளவையும், கணக்குக்காகச் சொல்லும் பதிலில் எடையையும் தனித்தனியே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. கதையில் வரும் மற்றவை, அதாவது காற்று வடக்கிலிருந்து வரும் வாடையா மேற்கிலிருந்து வரும் கச்சானா, நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது, தரை சேறா மணலா பாறையா, எத்தனை பாகம், என்ன இரை என்பவை பெரும்பாலும் துல்லியமாகவே இருக்கும். அவற்றில் தவறினால் பிழைப்பு போய்விடும் என்பதால், அங்கே அலங்காரத்துக்கு இடமில்லை.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை இருக்கும். வலை சீர்செய்துகொண்டே ஆட்கள் நிதானமாகப் பேசும் காலம் அது. அப்போது முதியவர்கள் அடிக்கடி சொன்னது வேளா என்ற மீனைப் பற்றி: அரம்போல இருபுறமும் பல் வைத்த நீண்ட கொம்பு, வள்ளத்தின் நீளத்துக்கு உடல், ஒன்று மாட்டினால் வலை முழுவதும் கந்தல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் சிரித்துவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஆனால் வேளா இனங்களில் பெரியவை 6 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியவை. சுறாக்கொம்பை நட்டு நெய்தல் மக்கள் வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. வேளாவின் கொம்பு எந்த வலையிலும் எளிதில் சிக்கிக்கொள்ளும். ஈனும் குட்டிகளோ குறைவு. நைலான் வலையும் இழுவை மடியும் பரவியபின் அது நம் கரையில் அரிதாகி, 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. முதியவர்கள் கதையைப் பெருக்கவில்லை. கேட்பவர்கள் பார்த்த கடல்தான் சுருங்கியிருந்தது.

மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995-இல் இதையே எழுதினார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலையில் நுழைந்தபோது கண்ட கடலையே இயல்பான அளவாகக் கொள்கிறது, அதற்கு முந்தைய செழிப்பு வாய்மொழித் துணுக்காக ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில், சுற்றுலாப் படகில் தூண்டில் போட்டவர்கள் தாம் பிடித்த மீன்களைத் தொங்கவிட்டு எடுத்துக்கொண்ட புகைப்படங்களை லோரன் மெக்லெனகன் என்ற ஆய்வாளர் 2009-இல் அளந்து பார்த்தார். 1956-இல் சராசரியாக 19.9 கிலோவாக இருந்த பரிசு மீன், 2007-இல் 2.3 கிலோவாகக் குறைந்திருந்தது. இரண்டு காலத்தவரின் முகங்களிலும் அதே பெருமிதம் தெரிகிறது. அந்தப் படங்கள் இல்லாமல் தாத்தா மட்டும் சொல்லியிருந்தால், அதை யார் நம்பியிருப்பார்கள்? நம் கரையில் அப்படிப்பட்ட படங்கள் மிகக் குறைவு. நம்மிடம் இருப்பது பேச்சுதான். அதை ‘மீன்காரன் கதை’ என்று தள்ளிவிடுவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது, ஏனென்றால் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகவே என் குறிப்பேட்டில் அளந்ததற்கு ஒரு பத்தியும் சொன்னதற்கு ஒரு பத்தியும் வைத்திருந்தேன். சொன்னதைத் திருத்தாமல், யார் முன்னிலையில் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதினேன். ஆண்டு கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. “ஐயா, தனுஷ்கோடி புயலுக்கு முன்னயா, பின்னயா?” என்று கேட்டால் 1964 டிசம்பருக்கு எந்தப் பக்கம் என்பது தெளிவாகிவிடும், இளையவர்களுக்கு 2004 சுனாமி அந்த எல்லைக்கல். இப்படிக் காலவாரியாக அடுக்கியபோது, வேளாவின் நீளம் ஆளுக்கு ஆள் மாறியதே தவிர, அது மாட்டிய இடம் மாறவில்லை. ஒருவரையொருவர் அறியாத ஊர்க்காரர்களும் ஆழம் குறைந்த சேற்றுத் தரையையும் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய நீரையுமே சொன்னார்கள். அந்த மீன் வாழும் இடம் என்று நூல்கள் குறிப்பதும் அதுதான். புதிதாகக் கணக்கெடுக்க வருபவர்களிடம், நீளம் நம்ப முடியாததாக இருந்தாலும் பேச்சை இடைமறிக்காமல், அடுத்து ‘எத்தனை பாகத்தில்?’ என்று கேட்கும்படி சொல்லிவருகிறேன்.