1.8 என்ற எண்ணுக்குள் இருக்கும் கணக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், இளநிலை மாணவரின் ஒட்டுமொத்த ஜிபிஏ (4.0 அளவில் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 2.0க்குக் கீழே இறங்கினால் அவர் புரொபேஷனில், அதாவது எச்சரிக்கையுடன் கூடிய கண்காணிப்பில், வைக்கப்படுகிறார். முதுநிலையில் அந்த எல்லை பெரும்பாலும் 3.0. அதை அறிவிக்கும் கடிதம் கிடைத்ததும் மாணவர்கள் அடுத்த பருவத்தில் கடுமையாகப் படிப்பதாக உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். அந்த உறுதிக்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது என்பது என் கருத்து.

30 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) முடித்த ஒருவரின் ஜிபிஏ 1.8 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் அவர் சேர்த்திருக்கும் புள்ளிகள் 54. 2.0க்கு இருக்க வேண்டியவை 60. அடுத்த பருவத்தில் எடுக்கும் 15 கிரெடிட்டில் 2.4 வாங்கினால் அவர் மீண்டுவிடுவார். அதே 1.8 உடன் 90 கிரெடிட் முடித்தவருக்கோ பற்றாக்குறை 18 புள்ளிகள். ஒரே பருவத்தில் மீள அவர் 3.2 எடுத்தாக வேண்டும். இதுவரை எடுத்திராத மதிப்பெண்ணைத் திடீரென எடுப்பது எளிதல்ல. அதனால்தான் ஒட்டுமொத்த ஜிபிஏ 2.0ஐ எட்டாவிட்டாலும், அந்தப் பருவத்தின் ஜிபிஏ மட்டும் குறித்த அளவைத் தாண்டினால் புரொபேஷனை நீட்டிக்கப் பல கல்லூரிகள் இடம் தருகின்றன. அதுவும் கைகூடாதபோதுதான் தற்காலிக இடைநீக்கமும், அதன்பின் நிரந்தர நீக்கமும் வரும்.

தோற்ற பாடத்தைத் திரும்ப எடுப்பது பலருக்கும் நல்ல வழி. ஆனால் சில இடங்களில் புதிய மதிப்பெண் பழையதை நீக்கிவிடும். வேறு சில இடங்களில் இரண்டும் சேர்ந்தே கணக்கில் நிற்கும். விதி நூலில் இந்த ஒரு பத்தியையாவது படித்துவிட வேண்டும்.

பாடத்திலிருந்து பாதியில் விலகினால் ஜிபிஏ தப்பும் என்பது உண்மை. ஆனால் கூட்டாட்சி அரசின் நிதியுதவிக்கான கணக்கில் அந்தக் கிரெடிட்டும் முயன்றதாகவே எண்ணப்படும். பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் அதிகபட்சம் 180 வரைதான் முயலலாம் என்பதால், எடுத்தவற்றில் ஏறத்தாழ 67 விழுக்காட்டை முடித்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் பிறந்தது. ஜிபிஏ நன்றாக இருந்தும் உதவித்தொகையை இழப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள்.

நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு எழுதுபவர்கள் பெரும்பாலும் வருத்தத்தையே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். குழு தேடுவது வேறு: என்ன நடந்தது, அதற்குச் சான்று என்ன, இப்போது எது மாறியிருக்கிறது, எந்தப் பாடங்களில் எவ்வளவு எடுத்து எப்போது மீள்வது. குடும்பத்தில் நேர்ந்த நோய் என்றால் மருத்துவமனைத் தாள் ஒன்று இரண்டு பக்க விளக்கத்தைவிட எடை கூடியது.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் இளநிலை மாணவர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும் என்பதால், சுமையைக் குறைக்கலாமே என்று தாமாகவே ஒரு பாடத்தைக் கைவிடக் கூடாது. சர்வதேச மாணவர் அலுவலகத்தின் ஒப்புதல் முதலில் வர வேண்டும், பாடத்தைக் கைவிடுவது அதன் பிறகே.