கணினிப் பெட்டியின் பூட்டைக் கழற்றுதல்: நாட்குறிப்பு

ஜூன் 3

முறையான ஒப்படைப்புக் கடிதத்தோடு என்னிடம் வந்து சேர்ந்த பழைய அலுவலக மேசைக் கணினி, மின்இணைப்பைத் துண்டிக்கும் போதெல்லாம் தேதியையும் நேரத்தையும் மறந்துவிடுகிறது. கணினியின் முதன்மை மின்சுற்றுப் பலகையான தாய்ப்பலகையிலுள்ள, நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டதன் அறிகுறி இது. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த வட்டைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது எளிய வேலைதான், பெட்டி திறந்தால்!

பெட்டியின் பின்புறத்தில் எஃகுக் கம்பி வடத்தோடு கூடிய பூட்டு ஒன்று தொங்குகிறது. ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட கென்சிங்டன் துளைக்குள் (இத்தகைய பூட்டை மாட்டுவதற்கென்றே கணினியில் அமைந்த துளை) அதன் தலை நுழைந்திருக்கிறது. பக்கத் தகட்டின் விளிம்பு பெட்டியின் பின்முகத்தின் மேல் மடிந்து, இரண்டு தகடுகளிலும் ஒரே இடத்தில் துளை அமைந்திருப்பதால், இந்தப் பூட்டு கணினியை மேசையோடு பிணைப்பதோடு பெட்டியையும் திறக்கவிடாமல் காக்கிறது. சாவி கையில் இருக்கிறது, ஆனால் பாதிவரைதான் உள்ளே போகிறது.

ஜூன் 4

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை ‘வடத்தை வெட்டிவிடு’ என்பதுதான். வடத்தை வெட்டினால் மேசை விடுபடும், பெட்டி விடுபடாது. தலை துளைக்குள்ளேயே இருக்கும். பூட்டின் உருளையைத் துளையிட்டு உடைக்கலாம் என்பது அடுத்த யோசனை. அப்படிச் செய்யும்போது சிதறும் உலோகத்தூள் காற்றுத் துளைகள் வழியாகத் தாய்ப்பலகையின் மேல் விழுந்தால் மின்னிணைப்புகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். உள்ளே தகவலைச் சேமிக்கும் சுழல்தட்டு வகை வன்தட்டு இருந்தால் அதிர்வும் அதற்கு நல்லதல்ல. ஆகவே துளையிடுவதைக் கடைசிப் படியாகவே வைத்திருக்கிறேன். பூட்டின் உடலில் எண் பொறிக்கப்பட்டிருந்தால், உரிமைக்கான சான்றைக் காட்டி அந்த எண்ணைக் கொண்டு மாற்றுச் சாவி பெற வழியுண்டு. இந்தப் பூட்டில் எண் இருந்த இடம் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

ஜூன் 6

மின்இணைப்பைப் பிடுங்கி, மீதமுள்ள மின்னூட்டம் தீரும்படி இயக்கு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திய பிறகு, பூட்டின் வாயைச் சுத்தம் செய்தேன். இது குழல் வடிவச் சாவியால் திறக்கும் வகை: வட்டமான பள்ளத்துக்குள் சிறு ஊசிகள் ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கின்றன, சாவியின் விளிம்பிலுள்ள வெட்டுகள் ஒவ்வோர் ஊசியையும் அதற்குரிய ஆழத்துக்கு அழுத்தினால்தான் உருளை சுழலும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, ஊசிகளுக்கு நடுவே சாம்பல் நிறப் பஞ்சு போன்ற தூசி அடைந்து, ஓர் ஊசி மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து எழும்பாமல் கிடந்தது. சாவி பாதியில் நின்றதற்கு இந்தத் தூசியடைப்பே காரணம்.

பூட்டின் வாய் கீழ்நோக்கியிருக்கும்படி பெட்டியைச் சாய்த்து, காற்றடித்துத் தூசியை வெளியேற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த குச்சியால் பள்ளத்தைத் துடைத்தேன். அது நன்கு உலர்ந்த பின் ஊசிகள் வழுக்கி நகர மிகச் சிறிதளவு கிராஃபைட் தூள் வைத்தேன். எண்ணெய் விட்டால் மறுபடியும் தூசி ஒட்டும். எண்ணெயையும் கிராஃபைட்டையும் கலந்தாலோ அது பசையாகிவிடும். கிராஃபைட் மின்கடத்தி என்பதால், கணினிக்குப் பக்கத்தில் அதை ஊதித் தள்ளுவது கூடாது. தாழ்ந்து கிடந்த ஊசி எழும்பிவிட்டது. சாவி முழுவதுமாக உள்ளே போகிறது, சிறிது திரும்பவும் செய்கிறது, ஆனால் அதற்குமேல் அசைய மறுக்கிறது.

இந்த இடத்தில் இடுக்கியால் சாவியைப் பிடித்து முறுக்கத்தான் கை துடிக்கும். குழல் சாவியின் மெல்லிய விளிம்பு அந்த விசையைத் தாங்காது; முறிந்தால் பூட்டும் போய்ச் சாவியும் போன கதையாகிவிடும்.

ஜூன் 7

விரிவாக்க அட்டைக்குரிய மூடித்தகடு ஒன்று முன்பே காணாமல் போயிருந்ததால், அந்த இடைவெளி வழியாகக் கைபேசியில் இணைக்கும் மெல்லிய கேமராவை நுழைத்துப் பூட்டின் தலையை உள்ளிருந்து பார்க்க முடிந்தது. ஆங்கில எழுத்து ‘டி’ போன்ற அந்தத் தலை 90 பாகை திரும்பித் துளையோடு நேராக நின்றால்தான் வெளியே வரும். இப்போது அது சற்றே திரும்பி, சாய்ந்து நிற்கிறது. அதைவிட முக்கியமாக, பெட்டியின் துளைக்குப் பின்னால் பக்கத் தகட்டின் துளை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விலகித் தெரிகிறது. பூட்டு மாட்டியிருக்கும்போதே யாரோ தகட்டை வலுவாக இழுத்திருக்க வேண்டும். கத்தரிக்கோலின் இரு அலகுகளுக்கு நடுவே அகப்பட்டது போலப் பூட்டின் தண்டு இரண்டு தகடுகளுக்கிடையே நெரிபட்டிருக்கிறது. இந்த நிலையில் பூட்டுக்குள் எதை விட்டாலும் பயனில்லை.

ஜூன் 8

பெட்டியைப் பக்கத் தகடு மேலே வரும்படி படுக்க வைத்து, தொங்கிய வடம் பூட்டை இழுக்காதபடி அதையும் மேசைமேல் ஏற்றிவைத்தேன். பிறகு இடது உள்ளங்கையால் தகட்டின் பின்மூலையை அழுத்தி, பூட்டைப் பெட்டியை நோக்கி மெல்லத் தள்ளிக்கொண்டே, வலது கையால் சாவியைத் திருப்பினேன். சாவி திரும்பவில்லை. அழுத்தும் இடத்தைத் துளைக்கு இன்னும் நெருக்கமாக மாற்றியதும் தகடு ‘டக்’கென்று தன் இடத்தில் அமர்ந்தது, அதே கணத்தில் சாவி தடையின்றிச் சுழன்றது. தலையை நேராக இழுத்தபோது ஒரு பக்கம் உரசினாலும் வெளியே வந்துவிட்டது.

தகட்டுத் துளையின் உள்விளிம்பில் பிசிறு எழும்பியிருந்ததால், தகட்டைத் தனியே கழற்றி எடுத்துச் சென்று சிறு அரத்தால் ராவினேன். பெட்டியின் பின்முகத்திலிருந்த துளைக்கு அரம் தேவைப்படவில்லை.

ஜூன் 9

கழற்றிய பேட்டரியை மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் பார்த்தேன்: 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.3 வோல்ட் காட்டியது. புதியதைப் பொருத்தி இயக்கியவுடன், பெட்டி திறக்கப்பட்டதாகத் திரையில் எச்சரிக்கை வந்தது. தகட்டின் ஓரத்தில் இருக்கும் திறப்புணர் சுவிட்சின் வேலை இது. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்புக்குள் சென்று அந்தப் பதிவை நீக்கி, தேதியையும் நேரத்தையும் சரிசெய்த பின் கணினி வழக்கம்போல் இயங்குகிறது. பூட்டின் தண்டு லேசாக வளைந்திருப்பதால் அதை மீண்டும் இந்தத் துளையில் மாட்டப் போவதில்லை.