வார்ச்சாரிலிருந்து ஐநெட்டுக்கு: ஒரு புலத்தை மாற்றிய அனுபவம்

எங்கள் தளத்தில் யார், எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து உள்ளே வந்தார்கள் என்பதை ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட் டேபிளில் எழுதி வைக்கும். அந்த ஐபி புலத்தை நான் வார்ச்சார் 15 (அதிகபட்சம் 15 எழுத்து கொள்ளும் எழுத்து வகை) என்று அமைத்திருந்தேன். மும்மூன்று இலக்கமாக நான்கு எண்கள், நடுவில் மூன்று புள்ளிகள், கணக்கு சரி. நீளமான புதிய வகை முகவரி கொண்ட ஐபிவி6 இணைப்பிலிருந்து ஒருவர் வந்தபோதுதான் இடித்தது. அந்த முகவரியை முழுதாக எழுதினால் 39 எழுத்து. எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் அதை வெட்டிச் சேமிக்காமல் எரர் கொடுத்தது. பதிவும் லாகினும் ஒரே டிரான்சாக்‌ஷனில் இருந்ததால், ஒன்று தோற்றதும் இரண்டும் ரத்தாகி, அவரால் உள்ளேயே வர முடியவில்லை.

அகலத்தைக் கூட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே வாரம் இன்னொரு புகார் வந்தது. ஒரு நெட்வொர்க்கைத் தடுக்க லைக் '10.1.2%' (அதாவது 10.1.2 என்று தொடங்கும் எல்லாம்) என்று எழுதியிருந்தேன். 10.1.20.7, 10.1.213.4 எல்லாம் அதில் மாட்டி, சம்பந்தமே இல்லாதவர்கள் வெளியே நின்றார்கள். கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் இது தீரும். ஆனால் /22 தொகுதிக்கு (முகவரியின் முதல் 22 பிட் பொதுவாக உள்ளவை) நான்கு லைக் வேண்டும். /26 என்றால் என்ன செய்வது? முகவரியை எழுத்தாக வைத்திருப்பதுதான் பிழை என்று அப்போதுதான் உறைத்தது.

போஸ்ட்கிரெஸ்ஸில் இதற்கென்றே ஐநெட், சைடர் என்று வகைகள் உண்டு. ஐநெட் 10.1.2.5/24 என்பதை அப்படியே ஏற்கும். சைடர் ஏற்காது, 10.1.2.0/24 என்று சுத்தமான நெட்வொர்க்காகத்தான் கேட்கும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. வந்தவர்களின் முகவரிக்கு ஐநெட், தடைப் பட்டியலுக்கு சைடர் என்று பிரித்தேன்.

மாற்றும்போது பழைய வரிசைகளில் வெற்றுச்சரங்களும் சில '-' குறிகளும் தடுத்தன. அவற்றை முதலில் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) ஆக்கிவிட்டு, புலத்தின் வகையை மாற்றும் ஆல்டர் டேபிளை ஓட்டினேன். ஸ்கிரிப்டிலும் அதே கவனம் வேண்டும்: வெற்றுச்சரத்தை அனுப்பினால் எரர், நல் அனுப்பினால் ஏற்கும்.

அப்புறம் லைக் இருந்த இடமெல்லாம் << போட்டேன். நெட்வொர்க்குகள் சரியாகத் தடைபட்டன, ஆனால் தனி முகவரியாகத் தடுத்திருந்த ஒருவர் மட்டும் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தார். அரை நாள் பிஎச்பி பக்கமே தேடினேன். பட்டியலில் அவர் 10.1.2.5/32 ஆக, அதாவது ஒரே ஒரு முகவரி கொண்ட நெட்வொர்க்காக இருந்தார். << என்றால் 'உள்ளே இருக்கிறது' மட்டும்தான், 'சமம்' அதில் சேராது. 10.1.2.5 தனக்குள் தானே இருக்க முடியாதே! <<= என்று மாற்றியதும் சரியானது. தடைப் பட்டியல் எழுதுகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

இன்னொரு /32 அறிக்கைப் பக்கத்தில் எட்டிப் பார்த்தது. சும்மா செலக்ட் செய்தால் 10.1.2.5 என்றுதான் வரும். டெக்ஸ்ட்டாக மாற்றிக் கேட்டால் 10.1.2.5/32 என்று வாலோடு வரும். அந்த இடங்களில் முகவரியை மட்டும் தரும் ஹோஸ்ட்() பயன்படுத்தினேன்.

வரிசைப்படுத்தலுக்கு ஒரு வரி கூட எழுதவில்லை. முன்பு 10.0.0.10க்குப் பின்னால் நின்ற 10.0.0.9 தானாகவே முன்னால் வந்துவிட்டது. 0:0:0:0:0:0:0:1 என்று எழுதினாலும் ::1 என்று எழுதினாலும் இப்போது ஒரே முகவரிதான்.