லேப்டாப்பில் மட்டும் வைஃபை வராதபோது எங்கே கை வைப்பது

"வீட்டில் எல்லா போனிலும் நெட் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை." இந்தப் புகாரில் முதல் பாதியையே சோதித்துப் பார்க்க வேண்டும். போனில் மொபைல் டேட்டா ஆனில் இருந்தால், வைஃபை செத்துக் கிடந்தாலும் போன் சத்தமில்லாமல் சிம் வழியாக நெட்டை எடுத்துக்கொள்ளும். மேலே வைஃபை சின்னமும் அப்படியே நிற்கும். அதனால் லேப்டாப்பைத் தொடுவதற்கு முன் போனில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். அதே வைஃபையில், இதுவரை திறக்காத ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அது திறக்கவில்லை என்றால் லேப்டாப்பை விட்டுவிடுங்கள். கோளாறு ரௌட்டரிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது.

ஃபைபர் இணைப்பாக இருந்தால் பெட்டியின் விளக்குகளே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். PON என்று எழுதிய பான் விளக்கு அசையாமல் பச்சையாக எரிய வேண்டும். LOS என்று எழுதிய லாஸ் விளக்கு சிவப்பாக மினுக்கினால் கண்ணாடி இழை வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். தெருவில் கம்பி அறுந்திருக்கலாம். வீட்டுக்குள்ளேயே பீரோ காலுக்கு அடியில் நசுங்கியோ, சுவர் மூலையில் கூர்மையாக மடங்கியோ இருக்கலாம். மடங்கியிருந்தால் மெதுவாக வளைவாக்கி விடுங்கள். அறுந்திருந்தால் மின்கம்பி போல முறுக்கி டேப் சுற்ற முடியாது, இணைப்பு கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

ரௌட்டரை அணைத்துப் போடுவது நல்ல வழிதான். ஸ்விட்சை அணைத்து 30 விநாடி காத்திருந்து போடுங்கள், முழுதாக எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். ஆனால் பின்பக்கத் துளைக்குள் ஊசி விட்டு அழுத்தும் ரீசெட் வேறு சங்கதி. அது ரௌட்டரைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய்விடும். இணைப்பு கொடுத்தவர் போட்டு வைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் எல்லாம் அழியலாம். அதுவரை ஒரு லேப்டாப்பில் மட்டும் இருந்த பிரச்சினை வீடு முழுக்கப் பரவிவிடும். அந்த விவரங்கள் கையில் இல்லாதவர் அந்தத் துளையைத் தொடவே கூடாது.

சரி, போனில் வைஃபை வழியாகவே நெட் வருகிறது, லேப்டாப்பில்தான் வரவில்லை என்று உறுதியாகிவிட்டது. இப்போது திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள். "கனெக்ட் ஆகல" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. வைஃபை சின்னமே இல்லை. பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் தெரிகின்றன, நம் வைஃபை பெயர் தெரியவில்லை. பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு போட்டால் ஏற்கவில்லை. இணைந்துவிட்டது, ஆனால் நோ இன்டர்நெட் என்கிறது. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. எதையும் பார்க்காமல் விண்டோஸை ஃபார்மேட் செய்வது வீண் வேலை.

சின்னமே இல்லை என்றால் முதலில் ஏரோபிளேன் மோடைப் பாருங்கள். விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானமோ கோபுரமோ படம் போட்ட விசை கைதவறி அழுந்தியிருக்கலாம். பழைய லேப்டாப்களில் முன்விளிம்பில் சின்னத் தள்ளு ஸ்விட்ச்கூட இருக்கும். அது இல்லை என்றால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் வரியை விரியுங்கள். இன்டெல், ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் என ஏதோ ஒரு பெயரில் வைஃபை கார்டு இருக்க வேண்டும். சின்னக் கீழ்நோக்கிய அம்பு தெரிந்தால் அதை எனேபிள் செய்தால் போதும். மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 10 என்று இருந்தாலோ, கார்டின் பெயரே காணாமல் போயிருந்தாலோ, டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளைத் தேடி ஓடாதீர்கள். முதலில் மின்சாரத்தை முழுதாக வடியுங்கள்.

காரணம் இதுதான். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, தன் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் புதிதாக எழும், ஆனால் கார்டுக்குப் போகும் மின்சாரம் நிற்காது. கார்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருள் உறைந்து போயிருந்தால் மின்சாரம் நின்றால்தான் அது தெளியும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். நேற்று இருந்து இன்று திடீரென்று காணாமல் போன கார்டு பெரும்பாலும் இதிலேயே திரும்பி வரும்.

வராவிட்டால்தான் டிரைவர். அப்டேட்டுக்குப் பிறகு வந்த பழுது என்றால், கார்டின் பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பகுதிக்குப் போய், பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் கொடுங்கள். அது மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். புது டிரைவரை இறக்க வேண்டும், ஆனால் நெட் இல்லை என்ற சிக்கலுக்கு எளிய வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த நெட்டே கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போகும், சிம் டேட்டா செலவாகாது. டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண் போட்டு எடுங்கள். எல்லா டிரைவரையும் சரிசெய்து தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்ப வேண்டாம்.

அடுத்தது, மற்றவர்கள் பெயர் தெரிகிறது, நம் பெயர் மட்டும் இல்லை. இது அநேகமாக அலைவரிசைச் சிக்கல். பழைய லேப்டாப்களில் உள்ள கார்டுகளும், விலை குறைந்த நகம் அளவு யூஎஸ்பி டாங்கிள்களும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசும். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆனில் இருந்தால் அவற்றின் கண்ணில் அது படவே படாது. இன்னொரு காரணம், ரௌட்டர் தானாக 12 அல்லது 13ஆம் சேனலுக்குப் போயிருப்பது. அமெரிக்க விதிப்படி அமைந்த சில கார்டுகள் 11க்கு மேல் தேடாது. போன் பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்து ரௌட்டர் பக்கத்துக்குள் போய், 2.4 கிகாஹெர்ட்ஸை ஆன் செய்து, ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் இவை மூன்றும்தான். நெருக்கமான அபார்ட்மென்ட் என்றால் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸே போதும், 40 வைத்தால் பக்கத்து வீட்டு அலைகளோடு மோதும்.

மின்வெட்டு முடிந்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் தாமதமாக வருகிறதா? 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், அங்கே பேசுவதற்கு முன் ரௌட்டர் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்கும். 36 முதல் 48க்குள் வைத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை.

ரௌட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கிடைக்கிறது, அடுத்த அறைக்குப் போனால் பெயரே மறைகிறது என்றால், அந்த லேப்டாப் சமீபத்தில் ரேம் கூட்டவோ எஸ்எஸ்டி மாற்றவோ திறக்கப்பட்டதா என்று கேளுங்கள். வைஃபை கார்டு ஏறக்குறைய ஒரு தபால்தலை அளவுதான். அதன் ஓரத்தில் கடுகு போல இரண்டு தங்க நிறப் பொட்டுகள் இருக்கும். திரையின் விளிம்பிலிருந்து கீல் வழியாக இறங்கி வரும் இரண்டு மெல்லிய கம்பிகள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, அந்தப் பொட்டுகள் மேல் தொப்பி போல உட்கார வேண்டும். திரைக்குள் இருக்கும் ஆன்டெனாவைக் கார்டோடு இணைப்பவை இவைதான். சர்வீஸில் ஒன்று கழன்று, திரும்ப மாட்டப்படாமல் கிடந்தால், கார்டு டிவைஸ் மேனேஜரில் குறையில்லாமல் தெரியும், டிரைவர் சரியாக இருக்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. சிக்னல் மட்டும் ஒரு புள்ளியில் நிற்கும். தொப்பியைப் பொட்டுக்கு நேராக வைத்து விரல்நகத்தால் செங்குத்தாக அழுத்தினால் 'டிக்' என்று மெல்லிய சத்தத்தோடு உட்காரும். சாய்த்து அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும், அப்புறம் கம்பியையே மாற்ற வேண்டியிருக்கும். கை வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். மேசைக் கணினியில் இதே பழுது இன்னும் எளிதாக வரும்: பெட்டியின் பின்னால் திருகவேண்டிய ஆன்டெனாக் குச்சிகள் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டை ஏற்கவில்லை என்பது மூன்றாவது. விண்டோஸ் "கான்ட் கனெக்ட் டு திஸ் நெட்வொர்க்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடும், பாஸ்வேர்டு தப்பா வேறா என்று சொல்லாது. ஃபர்கெட் கொடுத்துவிட்டு, கண் படத்தை அழுத்தி எழுத்து எழுத்தாகப் பார்த்து அடியுங்கள். ரௌட்டர் ஸ்டிக்கரில் பூஜ்யமும் ஆங்கில ஓ எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். பாஸ்வேர்டு சரிதான் என்றால் சந்தேகம் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை மேல் போக வேண்டும். ரௌட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கார்டுகளால் கைகுலுக்க முடியாது. 192.168.1.1 அல்லது 192.168.0.1 முகவரியில் ரௌட்டர் பக்கத்தைத் திறந்து, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலைக்கு மாற்றுங்கள். அதுவும் ஒத்துவராத மிகப் பழைய கார்டுக்கு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். டிகேஐபி என்ற பழைய முறையின் பக்கம் போகாதீர்கள், பாதுகாப்பும் குறைவு, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. வீட்டில் மேக் ஃபில்டர், அதாவது சாதனத்தின் ஹார்டுவேர் அட்ரஸைப் பார்த்து உள்ளே விடும் வசதி போட்டிருந்தால், விண்டோஸின் ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ் வசதியை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவில் எழுதிய பெயர் ஒன்று, வந்து நிற்பவர் சொல்லும் பெயர் வேறொன்று.

நான்காவதுதான் அதிகம் அலைக்கழிப்பது: இணைந்துவிட்டது, நெட் இல்லை. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து, வைஃபை பகுதியில் ஐபிவி4 அட்ரஸைப் படியுங்கள். 169.254 என்று தொடங்கினால் அதுவே பழுதின் பெயர். லேப்டாப் ரௌட்டரிடம் முகவரி கேட்டது, பதில் வரவில்லை, அதனால் தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டது. அந்த முகவரியோடு வெளியே எங்கும் போக முடியாது. ரௌட்டரில் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி சேவை தொங்கியிருக்கலாம், கொடுப்பதற்கு ஒதுக்கிய முகவரிகள் போன், டிவி, கேமரா என்று தீர்ந்திருக்கலாம், ஆன்டிவைரஸின் ஃபயர்வால் தடுக்கலாம், சிக்னல் இற்றுப்போயிருக்கலாம். ரௌட்டரை அணைத்துப் போட்டு, ஐபிகான்ஃபிக் கட்டளையோடு ரிலீஸ் (ipconfig /release), பிறகு ரினியூ (ipconfig /renew) கொடுத்துப் பாருங்கள். 169.254ம் இல்லாமல், ரௌட்டரின் வரிசைக்கும் பொருந்தாமல், 10 என்றோ 192.168.50 என்றோ நிலையாக ஒரு எண் நின்றால், அலுவலகத்தில் யாரோ கையால் போட்ட ஐபி அது. ஐபி அசைன்மென்ட்டை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றினால் தீர்ந்தது.

முகவரி சரியாக இருந்தால் மூன்று பிங், அதாவது பதில் வருகிறதா என்று சோதிக்கும் ping கட்டளை. முதலில் டிஃபால்ட் கேட்வே என்று காட்டும் எண்ணுக்கு. பதில் இல்லை என்றால் லேப்டாப்புக்கும் ரௌட்டருக்கும் இடையில்தான் கோளாறு. பதில் வந்தால் வெளியே உள்ள கூகுளின் 8.8.8.8க்கு. அது வராவிட்டால் ரௌட்டருக்கு அப்பால். அதுவும் வந்து, மூன்றாவதாகத் தளத்தின் பெயருக்கு மட்டும் வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு, அடாப்டரின் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.

மூன்றுக்கும் பதில் வருகிறது, பிரவுசர் மட்டும் திறக்கவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். பழைய மேசைக் கணினியில் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருந்தால், மின்வெட்டுக்குப் பிறகு தேதி பல வருடம் பின்னே போய்விடும். அந்தத் தேதிக்குத் தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். தேதி சரி என்றால் பிராக்ஸி செட்டிங், அணைக்க மறந்த விபிஎன் இரண்டையும் சோதியுங்கள்.

இணைந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுகிறதென்றால் இரண்டு இடம். ஒன்று, கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினி இதை அணைக்கலாம் என்ற டிக், எடுத்துவிடுங்கள். இரண்டு, யூஎஸ்பி 3. அதில் ஓடும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே இரைச்சலைக் கக்கும். ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் நெட் அறுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். டாங்கிளை ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் போட்டுத் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

நெட்வொர்க் ரீசெட் கடைசி மருந்து. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் விபிஎன் அமைப்புகளும் போய்விடும் என்பதால் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் அசையாவிட்டால், பென் டிரைவில் உபுண்டு போட்டு இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். அங்கே வைஃபை வந்தால் கார்டு நல்லது, குற்றம் விண்டோஸில். அங்கேயும் கார்டே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் கார்டு போய்விட்டது. புதிது வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 கார்டுகள் அதற்கென வசதியுள்ள இன்டெல் போர்டில் மட்டுமே ஓடும், ஏஎம்டி லேப்டாப்பில் செருகினால் பொருந்தும், உயிர் வராது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சாதாரண எம்.2 வைஃபை ஸ்லாட்டில் வேலை செய்யும். சில பழைய லேப்டாப்களின் பயாஸ், அதாவது கணினி எழும்போது முதலில் ஓடும் மென்பொருள், தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. அந்த மாடலுக்கு இரு அலைவரிசை யூஎஸ்பி டாங்கிள் வாங்குங்கள்.