சேஸிஸுக்குள் அரைப்படி கடல் மணல்

அன்றைக்கு அந்தக் கோணிச் சாக்கு இல்லையென்றால் வாத்தியார் வண்டியின் பின்கண்ணாடி போயிருக்கும். கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய பேரன். இதை எழுதும்போதுகூட எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

போன ஐப்பசி மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிவகங்கை ரோட்டில் நாங்கள் வழக்கமாகப் போகும் கண்மாய்ப் பக்கம் நான்கு வண்டி போயிருந்தோம். மேலே காய்ந்து வெடித்துக் கிடந்த களிமண், உள்ளே அல்வா. என் ஜீப்பின் முன்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. ஃபோர் வீல் போட்டும் அசையவில்லை. எங்கள் கூட்டத்தில் மூத்தவர் வாத்தியார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். தன் வண்டியைக் கரைமேல் நிறுத்தி, என் வண்டியின் பின்கொக்கியில் கயிறு மாட்டினார். கயிற்றின் நடுவில், நனைத்த சாக்கு ஒன்றை மடித்துப் போட்டார்.

"எதுக்கு சார் இதெல்லாம், பத்தடி இழுக்கத்தானே" என்று சிரித்தேன்.

"போடுறது என் பழக்கம். சிரிக்கிறது உங்க பழக்கம்" என்றார்.

இரண்டாவது இழுப்பில் மடார் என்று ஒரு சத்தம். கயிறு அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கயிறு முழுசாக இருந்தது, கொக்கியும் முழுசாக இருந்தது. கொக்கியை முடுக்கியிருந்த, மொத்த வண்டியையும் தாங்கும் சேஸிஸ் சட்டம்தான் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து, போல்ட்டும் கொக்கியுமாகக் கயிற்றின் நுனியில் பறந்துபோய், வாத்தியார் வண்டியின் பின்கதவில் நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் குழி விழ அடித்துக் கீழே கிடந்தது. ஈரச் சாக்கின் கனம் கயிற்றைத் தாழ இழுத்ததால் நம்பர் பிளேட். இன்னும் ஒன்றரை அடி மேலே போயிருந்தால் கண்ணாடி.

கிழிந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன். மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய தகடு, அப்பள கனம். ஓரத்தில் நூலளவுக்குத்தான் வெள்ளையாகப் புது இரும்பு தெரிந்தது. மற்றதெல்லாம் பழுப்பு. விரலால் நெருடினால் பரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்தது. இத்தனை நாள் அந்த நூலளவு இரும்பை நம்பித்தான் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கியிருக்கிறேன்.

இந்த ஜீப்பை வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. 98 மாடல், 3 லட்சத்து 40 ஆயிரம். ஆலிவ் பச்சை, புது ஹூட், புது டயர். அடியில் பார்க்காமல் வாங்கினேன் என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே குனிந்து பார்த்தேன். சேஸிஸ் முழுக்க மை மாதிரி கறுப்பு, ஒரு கீறல் கிடையாது. "அடியில பாருங்கண்ணே, கோட்டிங் அடிச்சு எப்படி வச்சிருக்கோம்" என்றார் புரோக்கர். அதில் மயங்கித்தான் அட்வான்ஸையே கொடுத்தேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். எவனாவது பேரேட்டில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை மை பூசிக் கொண்டுவந்து நீட்டினால் விடுவேனா? ஜீப் என்றதும் புத்தி எங்கேயோ போய்விட்டது.

வண்டியை இழுத்துக்கொண்டுபோய் வெல்டிங் பாய் பட்டறையில் விட்டோம். லாரி சேஸிஸ் வேலையிலேயே தலை நரைத்தவர். நான்கு கட்டைமேல் வண்டியை ஏற்றிவிட்டு, சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். "பாக்காதீங்க, காதைக் குடுங்க" என்றார். முன்னால் 'டங், டங்' என்று கேட்டது. டிரைவர் சீட்டைத் தாண்டியதும் 'டொக்'. ஈரச் சுவரைத் தட்டின மாதிரி. அப்படிக் கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒரு குறியின்மேல் திருப்புளியை வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

பின்பக்க கிராஸ் மெம்பரை கிரைண்டரால் அறுத்தபோதுதான் எனக்கு முழுக் கதையும் புரிந்தது. நான்கு பக்கமும் மூடின பெட்டி மாதிரியான சட்டம் அது. அறுபட்ட வாயிலிருந்து மண் கொட்டியது. கண்மாய் மண் கறுப்பாக இருக்கும், இது வெள்ளை. அரைப்படி இருக்கும். நடுவே நகக்கண் அளவில் நாலைந்து சிப்பி. பாய் ஒரு சிட்டிகை எடுத்து நுனி நாக்கில் வைத்துத் துப்பினார்.

"வண்டி ராமேஸ்வரத்து வண்டியா?"

நம்பர் பிளேட்டில் 65 என்று இரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். ராமநாதபுரம் பதிவு. முதல் உரிமையாளர் முகவரியும் தீவுக்குள்தான். 2017-ல் அரிச்சல்முனை ரோடு திறக்கும்வரை முகுந்தராயர் சத்திரத்தோடு தார் ரோடு முடிந்துவிடும். அதற்குமேல், 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பார்க்கப் போகிறவர்களை ஜீப்பிலும் வேனிலும் ஏற்றிக்கொண்டு போவார்கள். மணலில், ஈரச் சேற்றில், சில இடத்தில் கடல் தண்ணீரிலேயே சக்கரம் முங்க ஓட்டுவார்கள். சின்ன வயதில் நானே போயிருக்கிறேன். வேனின் தரைத் தகட்டில் இருந்த ஓட்டை வழியாகக் காலுக்குக் கீழே தண்ணீர் ஓடியது தெரிந்தது. கைதட்டிச் சிரித்தேன். அந்த ஓட்டை எப்படி வந்தது என்று யோசிக்கிற வயதில்லை.

புரோக்கருக்கு போன் போட்டேன். "கடல்ல ஓட்டினது இல்லண்ணே, கடலோரமாத்தான் ஓட்டிருக்காக" என்றார். இதற்குமேல் அவரிடம் என்ன பேச?

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அந்தத் தண்ணீர் மின்சாரம் நன்றாகக் கடத்தும், துரு வேகமெடுக்கும். அதோடு உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். சட்டத்துக்குள் மணலும் புகுந்து, தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டையும் அடைத்துக்கொண்டால், ஈரத் துணியைச் சுற்றி வைத்த மாதிரிதான், சித்திரை வெயிலிலும் உள்ளே காயாது. துருவுக்கு இடமும் அதிகம் வேண்டும், தின்ற இரும்பைவிடப் பெரிதாக ஊதிக்கொள்ளும். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ரிவிட் அடித்த தகடுகளுக்கு நடுவே புகுந்தால் ஆப்பு அடித்த மாதிரி இரண்டையும் பிளந்துவிடும். கடலில் ஓட்டிவிட்டு வந்து வாட்டர் சர்வீஸ் விட்டால் போதாதா என்பீர்கள். ராமநாதபுரம் பக்கத்தில் போர் போட்டால் பல ஊரில் வருவதே உப்புத் தண்ணீர். உப்பை உப்பால் கழுவி என்ன செய்ய?

இதற்கெல்லாம் மேலேதான் அந்தக் கறுப்புக் கோட்டிங். சுத்தமான இரும்பின்மேல் அடித்தால் அது காவல். துருவின்மேல் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரத்துக்குப் போட்ட மூடி. வெளியே மினுமினுப்பு, உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். "மீன் வண்டியும் உப்பு வண்டியும் வாங்காதீக, வாங்குனா அடியில புதுப் பெயின்டு இருக்கிறதை வாங்காதீக" என்றார் பாய். இரண்டு வருஷம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

பழைய ஜீப்புக்கு மட்டும் வரும் வியாதி என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் டொயோட்டாவின் டகோமா பிக்கப் வண்டிகளுக்கு இதே பாடு. பனி உருக ரோட்டில் உப்புப் போடும் ஊர்களில் சேஸிஸ் பொத்தல் பொத்தலாகப் போனது. 2008-ல் அந்தக் கம்பெனி 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்குத் துருவுக்கென்றே 15 வருஷ வாரன்டி கொடுத்தது. மிகவும் கெட்டுப்போன வண்டிகளைச் சந்தை விலையைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. டன்ட்ரா வண்டிகளில் அடியில் தொங்கும் ஸ்டெப்னி, சட்டம் அரித்துப்போய் ரோட்டில் விழக்கூடும் என்று 2009-ல் திரும்ப அழைத்தார்கள். டொரன்டோவில் இருக்கும் என் பெரியப்பா மகன் குளிர்காலத்துக்கு முன்னால் வருஷம் தவறாமல் அடியில் எண்ணெய் அடிக்கிறான். நான் அதைப் பணக்கொழுப்பு என்று கேலி பண்ணியிருக்கிறேன்.

சேஸிஸைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு இரண்டு. பின் ஆக்ஸிலுக்குப் போகும் பிரேக் பைப் ஒரு கிளிப்புக்கு அடியில் கருவாடு மாதிரி சொரசொரவென்றிருந்தது. பாய் துணியால் துடைத்தார், துணி ஈரமானது. பிரேக் ஆயில். என் வண்டியில் யாரோ எங்கிருந்தோ பழைய மாஸ்டர் சிலிண்டரை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். அந்த ஒரு பைப் விட்டால் பெடல் தரையைத் தொடும், நாலிலும் பிரேக் இருக்காது.

இன்னொன்று ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம். எனக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை. பாய் பெயின்டைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் தடவினார், கொஞ்சம் பொறுத்து நன்றாகத் துடைத்தார், அதன்மேல் சாக்பீஸைப் பொடித்துத் தேய்த்தார். "டீ குடிச்சிட்டு வருவோம்." வந்து பார்த்தால் வெள்ளைப் பூச்சின்மேல் போல்ட் ஓட்டையிலிருந்து தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு, ஒன்றரை அங்குலம். விரிசலுக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து வந்து சாக்பீஸை நனைத்திருக்கிறது. பட்டறைக்குள் நின்று இப்படி ஒரு வித்தையைப் பார்த்து ரசித்திருப்பேன், வண்டி என்னுடையதாக இல்லாமலிருந்தால்.

வேலை பதினெட்டு நாள் இழுத்தது. பேட்டரியைக் கழற்றி, டீசல் டேங்கை இறக்கிய பிறகுதான் வெல்டிங் வயரையே தொட்டார். துருவின்மேல் தகடு வைத்து ஒட்டுகிற வேலையே கிடையாது, நல்ல இரும்பு வரும்வரை அறுத்து எறிந்தார். நான்கு எம்எம் தகட்டை ஓரம் நேராக இல்லாமல் கூர்மையாக, மீன் மாதிரி வெட்டி வைத்தார். சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் ஒட்டு விழுந்தால் அந்தக் கோட்டிலேயே ஒடியுமாம். சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தின் பக்கம் கிரைண்டர் போகவில்லை, எஃப்சி அன்றைக்கு அந்த நம்பர் வேண்டும். கடைசியாகச் சட்டத்துக்குள் என்ன அடிப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை. பாய்க்குப் பழைய இன்ஜின் ஆயில்தான் வேதம். அது ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், சொட்டி பிரேக் லைனிங்கில் பட்டால் அது வேறு வம்பு என்று நான் மெழுகு ஸ்ப்ரே வாங்கி வந்தேன். "உங்க காசு" என்று சொல்லிவிட்டு, குழாய் விட்டு உள்ளே அடித்துக் கொடுத்தார். வடிகால் ஓட்டைகளையும் பெரிதாக்கிவிட்டார்.

மொத்தம் 52,000. பின் ஷேக்கிள் மவுண்ட், அதாவது ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு மாட்டும் இடம், இடது பக்கம் இன்னும் வேலை பாக்கி. பாய் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார், அவர் வரும்வரை ஜீப் கட்டைமேலேயே நிற்கும். கொட்டிய மணலில் இருந்த சிப்பிகளை என் மகள் ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விட்டாள்.

வாத்தியார் கதவுக்கு டிங்கரிங் செலவு 4,500. கையில் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார். அதற்குப் பதிலாகக் கோணிச் சாக்கு ஒன்று வாங்கித் தரச் சொன்னார். பழையது அன்றைக்கே கிழிந்துவிட்டதாம்.